தாமதமாய் வந்த துண்டுகள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, இணையத் தொலைபேசி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் முதல் சொல் உதிர்ந்தது. சட்டைப் பொத்தான் அளவில், வெதுவெதுப்பாக, கூரையிலிருந்து கீபோர்டின் மேல் விழுந்தது. வரிசையம்மா அதை எடுத்துக் காதோரம் வைத்தாள். "நாளைக்கு" என்றது ஓர் ஆண்குரல். இழுப்பறையில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அந்தப் பெயர் அவளுக்கு வேலையால் வந்தது. போனில் பேசுவதைப் பொடித்துண்டுகளாக நறுக்கித்தான் அனுப்புவார்கள். நெரிசலில் மாட்டி நேரம் தவறி வரும் துண்டைக் கருவி ஏற்காமல் எறிந்துவிடும். கேட்பவர் காதில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். சினிமாவையும் படங்களையும் ஓரங்கட்டிவிட்டு, பேச்சை வரிசையில் முன்னால் விடுவது அவள் பொறுப்பு. பதினோரு வருஷமாக ஊரே அவள் தயவில் பேசிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் தன் அக்காவோடு ஆறு வருஷமாகப் பேசவில்லை.

அப்பா இறந்தது ஒரு புயல் நாளில். படுக்கையில் கிடந்தவரை எட்டிப் பார்க்காதவள் என்று அக்கா அவளைக் குத்திக்காட்டுவது அதற்கு முன்பே இருந்தது. ஊரே போனும் கையுமாக இருந்த நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். "அப்பா போயிட்டாருடி... நீ வரவேண்டாம்..." அதற்குமேல் வெறும் கரகரப்பு, லைன் அறுந்தது. வரிசையம்மா திருப்பிக் கூப்பிடவில்லை. போகவும் இல்லை.

சொற்கள் தினமும் உதிர்ந்தன. முதலில் நேற்றுத் தொலைந்தவை, பிறகு போன வருஷத்தவை, பிறகு அதற்கும் முந்தியவை. மேலாளர் கொத்தனாரை வரவழைத்தார். அவர் ஏணி போட்டு ஏறித் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "கூரை நல்லாத்தான் இருக்கு சார். பேச்சுதான் ஒழுகுது."

சொற்கள் உதிரத் தொடங்கிய ஒன்பதாம் மாதம், தேர்வு முடிவு வெளியான காலை, அவள் மடியில் ஒன்று விழுந்தது. காதில் வைத்தாள். அக்காவின் குரல்: "...னு நான் என்னைக்குமே சொல்லலடி."

நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள். பிறகு போனை எடுத்தாள். அன்று லைனில் கால் வைக்க இடமில்லை. ஒரு விசையைத் தட்டினால் ஊரின் அத்தனை பேச்சையும் நிறுத்திவைத்துத் தன் அழைப்பை மட்டும் விடலாம். விரல் அதன்மேல் போய் நின்றது. எத்தனை வீட்டில் பிள்ளைகள் மார்க் சொல்லிக்கொண்டிருப்பார்களோ என்று கையை எடுத்துக்கொண்டு, எல்லோரையும்போல டயல் செய்தாள். ஏழாவது முறை மணி போனது.

"அக்கா, நான்தான்."

இரைச்சல் மட்டும் கேட்டது. அக்கா வைத்துவிட்டாளோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆறு வருஷமாடி ஆச்சு?"

"நீ சொன்னதுல பாதி இன்னைக்குத்தான் வந்து சேர்ந்துச்சு."

"லைன் அவ்வளவு மோசமா!" என்றாள் அக்கா. அப்புறம்தான் இருவருக்கும் அழுகை வந்தது.

அந்த வாரமே லீவு போட்டுவிட்டுப் போய் அக்கா வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தாள். திரும்பி வந்தபோது நிறுவனம் கீழ்த்தளத்தில் ஒரு கவுண்டர் திறந்திருந்தது. வார நாட்களில் பத்திலிருந்து நான்கு வரை. மதியம் ஒரு மணி நேரம் மூடியிருக்கும். தங்களுக்கு வந்துசேராமல் உதிர்ந்த சொற்களை வாங்கிப்போக வருபவர்கள் அடையாள அட்டை கொண்டுவர வேண்டும். அட்டையை மறந்து வந்தவர்கள், அந்தச் சொல்லைச் சொன்னவர் யாரென்று சொன்னால் போதும்.