அவசரத்தில் பிறந்த நட்சத்திரக் கூட்டம்

இப்போதெல்லாம் பெற்றவள் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் பிள்ளைகளுக்கு வேலை முடிந்தாக வேண்டும். வாசல் காவலாளிக்கோ, பெற்ற அப்பனே வந்தாலும் கழுத்தில் அட்டை தொங்கியாக வேண்டும். கிழவர் முணுமுணுத்தபடி மகளின் ஆராய்ச்சி அறைக்குள் நுழைந்தார். ஜன்னலே இல்லை. பக்கத்து அறையில் கணினிகள் ஓயாமல் இரைந்தன.

"கிளம்புடி. அம்மா உன் பேரைத்தான் முனகிக்கிட்டு கிடக்கா. டாக்டர் கையை விரிச்சுட்டார்."

"இதோ முடியப் போகுதுப்பா. பை கூட கட்டி வச்சுட்டேன், பாருங்க."

திரையில் நீலமாக ஒரு மூட்டம் சுருங்கிக்கொண்டிருந்தது.

"என்னது அது?"

"வாயுப்பா. சூரியனே பிறக்காத காலத்து வாயு. குளிர்ந்து, தன் எடையாலேயே உள்ள விழுந்து நட்சத்திரமாகும். பிரபஞ்சம் குழந்தையா இருந்தப்பவே சில நட்சத்திரக் கூட்டம் பூதமா பெருத்து நிக்குது. அவ்வளவு சீக்கிரம் எப்படின்னு கணினியில கணக்குப் போட்டுப் பார்க்கிறோம்."

"கேஸா? ஆயுசு பூரா சிலிண்டர் சுமந்தேன். ஒரு நட்சத்திரமும் வரல, தோள்பட்டைதான் இறங்கிச்சு."

அழுது வீங்கிய முகத்தோடு அவள் சிரித்துவிட்டாள். அதற்குள் மூட்டம் மளமளவென்று இடிந்து விழுந்து, நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு பெருங்கூட்டம் திரண்டது. அழகாகத்தான் இருந்தது. கிழவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"வந்துடுச்சுல்ல? நட."

பையைத் தோளில் மாட்டியவள் திரையருகே குனிந்தாள். முகம் செத்துப்போயிற்று.

"இது பொய்ப்பா."

"கண்ணு முன்னாடி நிக்குது, பொய்யாம்!"

"அம்மாவைப் பார்க்கணும்னு நான்தான் அவசரப்பட்டேன். கணக்குல காலத்தைச் சின்னச் சின்ன அடியா நகர்த்தணும். நான் பெரிய அடியா வச்சு ஓட்டிட்டேன். பிறக்கிற நட்சத்திரத்துல சிலது வெடிச்சு வாயுவை வெளிய தள்ளும். அந்த வெடிப்பையெல்லாம் கணக்கு தாண்டிக் குதிச்சுடுச்சு. தடுக்க எதுவும் இல்லாம மொத்தமும் உள்ள விழுந்திருக்கு."

"விழுந்தா விழட்டும். அங்க போய்ப் பார்த்தவன் எவன்?"

"இந்தக் கணினியில எங்க முறை இந்த வாரத்தோட முடியுது. இப்ப விட்டா அடுத்த வருஷம்தான். மறுபடி ஓட்டணும், சில நாளாகும். நடுவுல நின்னுட்டா மறுபடி கிளப்பி விட ஆள் வேணும், நான்தான் இருக்கணும்."

"அதுவரைக்கும் அவ இருக்கணுமே."

பை தரையில் இறங்கியது. அவள் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள். மற்றக் கை விரல்கள் அவை பாட்டுக்கு விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தன.

"போன்ல பேசுறேன்பா. அண்ணனை அம்மா காதுல வைக்கச் சொல்லுங்க."

"வைப்பான். உனக்கு இழுக்கிற மூச்சுதான் கேக்கும்."

அவள் திரும்பவில்லை. திரையில் புதிய மூட்டம் ஒன்று பரவியது. இன்னும் எங்கும் ஒரு சுருக்கம் விழவில்லை.

"எவனும் பார்க்காத காலத்துக்கு உண்மை என்னடி, பொய் என்ன?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. மகளைப் பார்க்கத் துடிப்பவள் ஒருத்தி உயிரோடு இருக்கிறாள், அதற்கு இவர்களிடம் கணக்கில்லை என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டே, ஒற்றை ஆளாகப் படியிறங்கி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.