அணைக்குக் கீழே

விடியுமுன்னே மேட்டு வயலில் கரட் பிடுங்கத் தொடங்கிவிட்டோம். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒக்ரோபர். கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கே, சதுப்பிலிருந்து தண்ணீரை வடித்து எடுத்த ஆற்றுப் பள்ளம் அது. நிலம் தாழ்வு, வாய்க்கால் உயரம். நடுவில் ஒரு மண் அணைதான் காவல். கோடையில் தூளாகப் பறந்து மூக்கை அடைக்கும் கறுப்பு மண், மழையில் களியாகிக் கிடந்தது. காலைத் தூக்கினால் சப்பாத்து உள்ளேயே நின்றது.

அணையடியில் தண்ணீர் கசிவதைத் தங்கேஸ்வரி அக்கா முதல்நாள் கண்டிருந்தா. இனி அணையை ஒட்டிய பள்ளத்து வயலில் இறங்குவதில்லை என்று மத்தியானம் சாப்பிடும்போது கதைத்தோம். பின்னேரமே முதலாளிக்குத் தெரிந்துவிட்டது.

சொன்னது எங்களை வேலைக்கு ஏற்றிவரும் வான் ஓடுகிற கனகசிங்கம்தான் என்று தீர்மானித்தோம். அவர் மட்டக்களப்பு, நாங்கள் யாழ்ப்பாணம். எங்களோடு இருந்து சாப்பிட்டதில்லை. நாங்கள் கூப்பிட்டதுமில்லை. அன்று காலை வானில் அவருக்குப் பக்கத்து சீற்றில் ஒருவரும் ஏறவில்லை.

முதலாளி வந்து பள்ளத்தைக் காட்டினான். அவன் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்வதும் கனகசிங்கம்தான்.

"உறைபனிக்கு முதல் கீழ் வயலை முடிக்கணுமாம். அணை பலமாம்."

"பலமெண்டால் உவன்ரை உழவு மெசின் ஏன் ரோட்டு மேட்டில நிக்குது?" என்றேன். "கூட்டிக் குறைக்காமல் கேளுங்கோ."

கேட்டார். முதலாளியின் முகம் சிவந்தது.

"மெசின் நனைஞ்சா பழுதாப் போயிருமாம்."

"அப்ப நாங்கள் நனைஞ்சால்?" என்றா தங்கேஸ்வரி அக்கா.

இறங்காதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றான் அவன். ரொறன்ரோப் பக்கம் ரெக்ஸ்டேலுக்குப் போய் வேறு ஆட்களை ஏற்றிவரும்படி கனகசிங்கத்துக்கு உத்தரவு போட்டான்.

கனகசிங்கம் வானைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நேத்து நான்தான் இவனுக்குச் சொன்னது, தங்கச்சி. சனம் பயப்படுது, மேட்டிலயே விடு எண்டு கேட்டன். கேட்டா விடுவான் எண்டு நினைச்சிட்டன்."

"எங்களிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, அண்ணை," என்றேன்.

"நீங்க எப்ப என்னோட கதைச்சீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் முழுதாகப் போகவில்லை.

"ரெக்ஸ்டேல் சனத்துக்கும் உள்ளதைச் சொல்லவேணும்," என்றேன்.

"போன் எடுத்து நானே சொல்றன்."

முதலாளி வயலோரத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினான். நாளைக்கு வேலை இருக்குமோ தெரியாது. மழை திரும்பவும் தூறியது. நாங்கள் எல்லோரும் ரோட்டு மேட்டில் ஏறி, உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தோம். தங்கேஸ்வரி அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மூடியில் புட்டை வைத்து, முதலில் கனகசிங்கத்திடம் நீட்டினா. பள்ளத்துக்குள் ஒருவரும் இறங்கவில்லை.