ரெஜின் எழும்பிய வெள்ளிக்கிழமைகள்

2003-ஆம் ஆண்டு ஷார்ஜாவில் நடந்த கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில், ரெஜின் பந்தோடு எழும்பிய நேரத்தில் மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஒலித்தது. வழக்கம்போல ஆட்டம் நின்றது. எல்லாரும் இருந்த இடத்தில் நின்றார்கள். ரெஜின் இருந்த இடம் காற்று. அவர் அங்கேயே நின்றார். பாங்கு முடிந்து விசில் ஊதியதும் பந்தை வளையத்தில் போட்டுவிட்டு இறங்கினார். விதிகளில் இதற்குத் தடை இல்லை என்பதால் புள்ளிகள் தரப்பட்டன.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவர் காற்றில் நிற்பதைப் பார்க்க லேபர் கேம்ப்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். பார்க்காதவள் அவர் மனைவி எப்சிபா ஒருத்திதான். துபாயில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் வெள்ளி லீவு சீனியர் நர்ஸ்களுக்கு உரியது. கணவரின் உயரத்தை நோயாளிகள் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். ஆட்டம் பார்த்த மறுநாளே சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த சிவகங்கை உடையப்பன், "நான் விழுந்த உசரத்துலதான் சிஸ்டர் உங்க வீட்டுக்காரரு நின்னாரு. என்ன, அவருக்கு விழத் தெரியல," என்றான்.

2007-இல், பயிற்சியின்போது தரையில் கிடந்த ஒரு பையைத் தாண்டியதில் ரெஜினின் முழங்கால் போனது. கிளப் அவரை விட்டுவிட்டது. விசா முடியவிருந்த நிலையில், தமிழ் வானொலி ஒன்றின் மேலாளர் ரவிசங்கர் வர்ணனைக்குக் கூப்பிட்டார். "ஒரு மேட்ச் பாப்போம் ரெஜின். எடுபடலேன்னா கலாஸ், அவ்வளவுதான்." எடுபடாவிட்டால் அவர் சொந்த ஊர் குளச்சலுக்கு, அவள் இங்கே தனியாக. சீனியர் நர்ஸ் ரெஷ்மாவின் கிறிஸ்துமஸ் டூட்டியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அந்த வெள்ளி லீவை எப்சிபா வாங்கினாள்.

வர்ணனைக்கான கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து முதல் பாதி முழுவதும் ரெஜின் காய்கறி விலை போலப் புள்ளிகளை வாசித்தார். ரவிசங்கர் அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். இடைவேளையில், வெளியே நின்றிருந்த எப்சிபா உள்ளே போனாள்.

"நான் ஒரு ஆட்டம்கூட பாக்கல்ல, கேட்டியளா. இவனுவ போடுத பாயிண்டு எனக்கு எதுக்கு? மேல நின்னா என்ன தெரியும்? அத எனக்குச் சொல்லுங்க."

இரண்டாம் பாதி தொடங்கியதும் ரெஜின் அவளைப் பார்த்தபடி மைக்கில் சொல்லத் தொடங்கினார். பந்து கையை விட்டுப் போகும்போது விரல்நுனியில் மிஞ்சும் சூட்டைச் சொன்னார். கீழே நிமிர்ந்திருக்கும் ஆயிரம் முகங்களும் அந்த நேரத்துக்குத் தங்கள் ரூமையும் கட்டிலையும் மறந்திருப்பதைச் சொன்னார். கேம்ப்களில் ரேடியோவைச் சுற்றியிருந்தவர்கள் சோற்றில் கை வைத்தபடியே இருந்தார்கள். சொல்லிக்கொண்டே அவர் நாற்காலியை விட்டு எழும்பினார். ஹெட்போன் ஒயர் இழுத்துப் பிடித்த உயரத்தில், அறையின் ட்யூப்லைட்டுக்குச் சற்றுக் கீழே நின்றார். எப்சிபா வாயைப் பொத்திக்கொண்டு, கழன்று விழுந்த அவர் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். ரவிசங்கர் நீளமான ஒயருக்குச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வெள்ளி அவளுக்கு டூட்டி. வார்டு ரேடியோவில் ரெஜினின் குரல் வந்ததும் நோயாளிகள் அவளைப் பார்த்தார்கள். எப்சிபா ஊசி போடுவதை நிறுத்தாமல், "இப்போ ட்யூப்லைட் பக்கத்துல நிக்காரு," என்றாள்.