மாமனார் பெயர் வைத்த நாடு

தாயகம் என்று பெயர் வைத்தார்கள். அதில் தாயும் இல்லை, அகமும் இல்லை. குவாகுவா மலையடிவாரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். அதற்கு அந்த மலையின் பெயர், ஒரு கொடி, ஒரு கீதம், நாலைந்து மந்திரிகள். சோத்தோ இனத்தவர் எல்லாரும் இனி இந்தக் குவாகுவாவின் குடிமக்கள், மிச்சத் தென்னாப்பிரிக்கா எங்களுடையது என்று வெள்ளைக்காரன் சொன்னான். கொடுத்த கையையும் பார்க்க வேண்டும், எடுத்த கையையும் பார்க்க வேண்டும்.

1987 கடைசியில், அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கிடந்த போட்சபேலோவையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். யாரும் மூட்டை கட்டவில்லை. நாடுதான் நடந்து வந்து வாசலில் நின்றது.

செல்லோவானேவுக்கு வயிறு எரிந்தது. அவள் போட்சபேலோவில் இரண்டாம் வகுப்பு டீச்சர். அதற்கு முன் தாபா ந்சூவில் இருந்தவள். அது த்ஸ்வானாக்களின் தாயகம்; நீ சோத்தோக்காரி, உனக்கு இங்கே என்ன வேலை என்று அங்கத்திய போலீஸ் கதவை உதைத்துத் தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் எறிந்தது. அப்படி ஓடி வந்து தகரம் அடித்துக் குடியேறிய ஊர் இது. போட்சபேலோ என்றால் அடைக்கலம். அடைக்கலம் புகுந்த இடத்திலும் ஒருவன் வந்து, நீ என்னுடையவள் என்றால் யாருக்குத்தான் எரியாது?

ஆனால் வேலை வேண்டும். சுரங்க வேலைநிறுத்தத்தில் புருஷனை விரட்டிவிட்டார்கள். அவனும் மகன் தெபெல்லோவும் மாமனாரும் அவள் சம்பளத்தில்தான் சோளக்களி தின்றார்கள்.

மாமனார் பெயர் ட்சேகோ. எங்கள் சோத்தோ மொழியில் கோர்ட்டு வழக்கு என்று பொருள். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது, அதே ஒலி வரும் சொல்லையும் வாயில் எடுக்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து செல்லோவானே வழக்கு என்ற சொல்லையே விட்டுவிட்டாள். 'இழுபறி' என்பாள். ஊரே சிரிக்கும். அவள் மாற மாட்டாள்.

அதற்காக இருவருக்கும் பெரிய ஒட்டுறவு என்று நினைக்க வேண்டாம். வேலை பார்த்த வெள்ளைக்காரன் பண்ணையை விட்டுக் கிழவரைத் துரத்தியபோது, அவருடைய கடைசிப் பசுவை விற்கச் சொன்னவள் அவள். அன்றிலிருந்து கிழவர் அவளோடு நேராகப் பேசுவதில்லை. அவளும் கெட்டிலைப் பார்த்துத்தான் பேசுவாள். "இந்தக் கெட்டிலுக்கு டீ வேணுமா, வேண்டாமான்னு தெரியலை" என்பாள். "இருந்தா ஊத்தச் சொல்லு" என்று அவர் நாயிடம் சொல்வார்.

அன்று பள்ளிக்கூட மைதானத்தில் கொடி ஏற்றினார்கள். தாயகத்து அதிகாரி ராண்ட்சோ கோட்டும் டையுமாக வந்து, வெயிலில் அரைமணி நேரம் பேசினார். நம் மண், நம் மொழி, நம் முன்னோரின் பழக்கவழக்கம், இதையெல்லாம் காப்பாற்றத்தான் நமக்கென்று ஒரு நாடு என்றார். பிறகு டீச்சர்கள் ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து, 'நான் குவாகுவாவின் குடிமகள்' என்று உறுதி சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்கு நாளை முதல் வேலை இல்லை. வேலிக்கு வெளியே பெற்றோர்கள் கும்பலாக நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் போலீஸ் ஜீப்.

முதலில் போனவர்கள் முணுமுணுத்துவிட்டு வந்தார்கள். செல்லோவானேவின் முறை வந்தது. "நான்" என்றாள். தாபா ந்சூவில் தெருவில் கிடந்த தன் சட்டிபானைகள் கண்முன் வந்தன. அடுத்த சொல் வரவில்லை.

"சொல்லுங்கம்மா" என்றார் ராண்ட்சோ.

"சொல்ல முடியாதுங்கய்யா."

"ஏன்?"

வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது. "அது என் மாமனார் பேரு."

பச்சைப் பொய். வேலிப் பக்கம் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு பரவியது.

ராண்ட்சோ முழித்தார். அவரும் சோத்தோக்காரர்தான். மாமனார் பெயரைச் சொல் என்று ஒரு மருமகளை ஊர் நடுவில் கட்டாயப்படுத்தினால், அரைமணி நேரம் பேசிய பழக்கவழக்கமெல்லாம் என்ன ஆவது? முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. மாமனாரைக் கூட்டிட்டு வரச் சொல்றேன். பேரு அதுதான்னா, அவரே உங்களுக்கு அனுமதி குடுக்கட்டும். இல்லைன்னா வேலையும் போகும், பொய் சொன்னதுக்கு ஜீப்புலயும் ஏறணும். சரிதானா?"

சரியில்லை என்று சொல்ல முடியுமா? டிரைவர் காரோடு போனான். கிழவருக்கு முன்கூட்டிச் சொல்ல வழியே இல்லை. பசுவை விற்றவளுக்காக அந்த மனுஷன் எதற்குப் பொய் சொல்லப் போகிறார்? 'தொலைஞ்சேன்' என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வெயிலிலும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கிழவர் காரிலிருந்து இறங்கினார். கொடியைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். கடைசியில் மருமகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஐயா, உங்க மருமக இந்த நாட்டுப் பேரைச் சொல்ல மாட்டேங்கறாங்க. குவாகுவாங்கறது உங்க பேராம். நிஜமா?"

கிழவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். நிதானமாக ஒரு சிட்டிகை எடுத்து இழுத்தார். மைதானமே அவர் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவ வாயால அந்தப் பேரைச் சொன்னாளா?"

"இல்லை. அதானே பிரச்னை."

"சொல்லக் கூடாது. நல்ல மருமக."

செல்லோவானே விலுக்கென்று நிமிர்ந்தாள். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

"உங்க புஸ்தகத்தைக் காட்டுங்க" என்றார் ராண்ட்சோ.

கிழவர் மடியிலிருந்து பழைய பாஸ் புத்தகத்தை, வெள்ளைக்காரன் கொடுத்த அடையாளப் புத்தகத்தை, எடுத்து நீட்டினார். ராண்ட்சோ பிரித்தார். முகம் மலர்ந்தது. "இதுல ஜனுவாரின்னு போட்டிருக்கு. அப்ப உங்க பேரு ஜனுவாரிதானே?"

"அது பண்ணைக்காரன் வெச்சது. ஜனவரியில வேலைக்குச் சேந்தேன், ஜனுவாரின்னான். என் கூட்டாளி திங்கக்கிழமை சேந்தான், அவனைத் திங்கள்னான். எங்க அம்மா என்னை ஜனுவாரின்னா கூப்பிட்டா?" கும்பலைப் பார்த்துத் திரும்பினார். "எங்கம்மா என்னை அந்த மலைக்குக் கீழ பெத்தா. மலைப் பேரையே வெச்சா. இல்லைன்னு சொல்ல இங்க யாரு இருக்கா? அவளைப் போய்க் கேக்கறீங்களா?"

ராண்ட்சோ குரலைத் தணித்தார். "ஐயா, உங்க பென்ஷன் இனி எங்க கையிலதான் இருக்கு. மருமகளுக்கு ஒரு வார்த்தை அனுமதி குடுத்துட்டா எல்லாருக்கும் நல்லது."

"பென்ஷனை ஜனுவாரிக்குக் குடுங்க. அவன்தானே உங்க புஸ்தகத்துல இருக்கான்." கிழவர் கைத்தடியை ஊன்றி நிமிர்ந்தார். "அனுமதி எதுக்கு நான் குடுக்கணும்? நான் உங்க நாட்டுக்கு மூத்தவன். என்னைக் கேக்காம என் பேரை எடுத்து வெச்சுக்கிட்டது நீங்க. முதல்ல உங்க நாட்டுப் பேரை மாத்துங்க. அப்புறம் அவ சொல்லுவா."

பெண்கள் குலவையிட்டார்கள். வரிசையில் அடுத்து நின்ற டிசெபோ டீச்சருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவள் மைக்கைப் பிடித்து, "எனக்கும் வரப்போற மாமனார் பேரு அதுதானாம்யா, சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றாள். அதற்கப்புறம் ஒருத்தியும் உறுதி சொல்லவில்லை. ராண்ட்சோ காரில் ஏறிக் கதவைச் சாத்திய வேகத்தில் காரின் முகப்பிலிருந்த சின்னக் கொடி கழன்று விழுந்தது. எடுத்துக் கொடுக்க ஒருவரும் குனியவில்லை.

வீரத்துக்குச் சோறு போடுகிறவர் யார்? அந்த வாரமே வேலை போனது. கிழவருக்குப் பென்ஷன் வரவில்லை. செல்லோவானே சந்தையில் எண்ணெயில் பொரிக்கும் கொழுப்பு ரொட்டி சுட்டு விற்றாள். எண்ணெய் தெறித்துக் கையெல்லாம் தழும்பு. ஒரு நாளும் அவள் வருத்தப்படவில்லை. கிழவர் விறகு பொறுக்கி வந்து போடுவார். "விறகு ஈரம்னு அவகிட்ட சொல்லு" என்று நாயிடம் சொல்வார். நாயிடம் பேசுவது மட்டும் நிற்கவில்லை.

ஊரார் கோர்ட்டுக்குப் போனார்கள். இரண்டு வருஷம் கழித்து, போட்சபேலோவைச் சேர்த்தது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. "இழுபறியில ஜெயிச்சுட்டோம்" என்று கெட்டிலிடம் சொன்னாள் செல்லோவானே. கிழவர் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

94இல் தாயகங்களையெல்லாம் கலைத்துவிட்டதாக ரேடியோ சொன்னது. கொடி இல்லை, கீதம் இல்லை, குவாகுவா என்று ஒரு நாடு இனி இல்லை. கிழவர் ரேடியோவை அணைத்தார். நாய் செத்து ஒரு வருஷமாகியிருந்தது. அதனால் நேராக மருமகளைப் பார்த்தே சொன்னார்.

"பாத்தியா, தெபெல்லோ அம்மா. அந்தப் பேர்ல இனி மலையும் நானும்தான் மிச்சம்."