சிவப்புக் கம்பத்துக்கிட்ட யாரு

நான் நசாரியோ. வயசு இருபத்திரெண்டு. நெப்ராஸ்காவுல, முதலாளி வெர்லினோட பண்ணையில, புல் சுருட்டுற பேலர் மெஷினுக்குப் பக்கத்துல நிக்கிற பழைய வண்டிக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். தட்டிக்கிட்டிருக்க நேரமில்ல, அதான் பேசுறேன், போன் எழுதிக்கிடுது. அம்பாரோ அக்கா, நீ முதல்ல படி. அம்மாகிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு நீயே பாத்துக்கோ.

காலையில இருந்து பேலருக்கு பெல்ட் மாத்துறோம். காய்ஞ்ச புல்லை உள்ள இழுத்து ஆள் உசரத்துக்குச் சுருட்டுறது இந்த பெல்ட்டுங்கதான். பழசெல்லாம் ஓரம் பிஞ்சு நார் நாராத் தொங்குது. ஒவ்வொண்ணுலயும் வெள்ளை பெயிண்ட்ல நம்பர் போட்டிருக்கு. போட்டவன் ட்ராவிஸ், வெர்லினோட மகன். ரெண்டு வருஷம் முன்னாடி இதே பேலருக்குள்ள மாட்டி செத்துட்டான். அவன் ரூம்லதான் நான் படுக்கிறேன். அவன் பூட்ஸ் எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. வெர்லின் பாதி நேரம் என்னையும் ட்ராவிஸ்னுதான் கூப்பிடுவார். முதல்ல திருத்தினேன். அப்புறம் பாவம், வாய் பழகிடுச்சுன்னு விட்டுட்டேன்.

புது பெல்ட்டைக் கையால இழுத்தா நாள் முழுக்க ஆகும். அதனால அவருக்கு ஒரு குறுக்கு வழி. நான் உள்ள பூந்து பழைய பெல்ட் முனையில புதுசை வச்சு, நடுவுல ஒரு கம்பிப் பின்னைக் கோத்துட்டு வெளிய வரணும். அவர் டிராக்டர்ல இருந்து மெஷினை ஒரு நொடி சுத்த விடுவார். பழசு புதுசை உள்ள இழுத்துக்கும். அங்க இருந்து பாத்தா பேலர் மறைக்கும், நான் உள்ள இருக்கேனா வெளிய இருக்கேனான்னு தெரியாது. அதுக்குத்தான் வேலியில ஒரு கம்பத்துக்கு சிவப்பு அடிச்சு வச்சிருக்கார். மகன் போனதுக்கப்புறம் அடிச்சது, இன்னிக்குக் காலையில மறுபடி ஒரு பூச்சு பூசினார். அவர் கூப்பிட்டா, அதுல கை வச்சுட்டுத்தான் நான் பதில் சொல்லணும்.

"கம்பத்துக்கிட்ட யாரு?"

"நசாரியோ!"

"கை வச்சிருக்கியா, இல்ல சும்மா கத்துறியாடா?"

"வச்சிருக்கேன் முதலாளி! பெயிண்ட் ஒட்டுது!"

"ஒட்டட்டும். ஊருக்குப் போறப்ப கம்பத்தையும் தூக்கிட்டுப் போ."

இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே மூணு பெல்ட் போட்டோம். நாலாவதுக்கு உள்ள இருந்தேன். தோள் வரைக்கும் கை உள்ள, பின்னு பல்லுக்கிடையில. அவர் கூப்பிடுறது கேட்டுச்சு. "கம்பத்துக்கிட்ட யாரு? ட்ராவிஸா?" பதில் வராட்டி காத்திருப்பார்தானேன்னு நான் ரெண்டு முனையையும் சேத்துக்கிட்டிருந்தேன்.

மெஷின் சுத்திருச்சு அக்கா.

பெல்ட் ஓடுற உருளை சட்டைக் கையைப் பிடிச்சிருச்சு. துணி கிழிஞ்சது, அதனால கை தப்பிச்சது. நான் மண்ணுல வந்து விழுந்தப்புறம்தான், பின்னைக் கடிச்சபடியே, எனக்குக் கத்தவே வந்துச்சு. வெர்லின் இறங்கி ஓடி வந்தார்.

"ஏண்டா உள்ள இருந்த? கம்பத்துக்கிட்ட நின்னு சத்தம் குடுத்தியே!"

நான் பல்லுல இருந்த பின்னை எடுத்துக் காட்டினேன். "இதைக் கடிச்சுக்கிட்டு எப்படி முதலாளி பேசுறது? நான் வாயே திறக்கல."

அவர் பின்னைப் பாத்தார். கிழிஞ்ச சட்டையைப் பாத்தார். மெதுவா அந்தக் கம்பத்தைத் திரும்பிப் பாத்தார். மூஞ்சி வெளுக்கும்னு நினைச்சேன். தொப்பியைக் கழட்டிட்டு, "அப்ப உனக்கும் கேட்டுச்சா?"ன்னார்.

"எனக்கு எதுவும் கேக்கல முதலாளி."

"ரெண்டு வருஷமா அவனைக் கூப்பிடுறேன். ஒரு தடவை கூட வாயைத் திறக்கல, திமிர் பிடிச்ச பய. இன்னிக்குத்தான் பதில் குடுத்திருக்கான்."

சொல்லிட்டுச் சிரிச்சார். கல்யாண வீட்டுல சிரிக்கிற மாதிரி. அதை என்னால தாங்க முடியல அக்கா.

மிச்சத்தையும் இப்படியே போடுவோம்கிறார். "நீ உள்ள போ. நான் கூப்பிடுறேன், அவன் பதில் குடுக்கட்டும்." பின்னு தீந்துபோச்சுன்னு பொய் சொன்னேன். பெரிய வண்டியை எடுத்துக்கிட்டு வாங்கப் போயிருக்கார். பின்னெல்லாம் என் சட்டைக்குள்ள குத்திக்கிட்டு இருக்கு. டிராக்டர் சாவியையும் கழட்டிட்டேன், ஆனா இங்க எல்லா டிராக்டருக்கும் ஒரே சாவிதான், அவர் பையில எப்பவும் ஒண்ணு கிடக்கும். என் விசா அவர் பேர்ல, வேற பண்ணைக்கு நான் போக முடியாது. அது கூட பரவாயில்ல. நான் மாட்டேன்னு சொன்னா அவரே உள்ள போய்ப் படுத்துக்கிட்டு, நீ டிராக்டர்ல ஏறு, நீ கூப்பிடுன்னுவார். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரியெல்லாம் தலைமாட்டுல உக்காந்திருந்த மனுசன். அவரை அதுக்குள்ள விட்டுட்டு எங்க ஓடுறது?

காத்தே இல்ல. கம்பத்துல என் கைத்தடம் தெரியுது, ஈர பெயிண்ட்டுல மூணு தடவை வச்சது. நாலாவது ஒண்ணு இருந்துடுமோன்னு நான் எண்ணிப் பாக்கல. எண்ண மாட்டேன்.

ரோட்டுல தூசி தெரியுது. அவர்தான்.

போனைச் சட்டைப் பையில வச்சுக்கிறேன், சத்தம் முழுசா வச்சிருக்கேன். மெஷினுக்குள்ள இருந்து மணி அடிச்சா, நான் கம்பத்துக்கிட்ட இல்லைன்னு அவருக்குத் தெரியும். இதைப் படிக்கிறது யாரா இருந்தாலும் சரி, இப்பவே எனக்கு போன் பண்ணுங்க. நான் எடுக்கலைனாலும் விடாம அடிச்சுக்கிட்டே இருங்க.