ஆதியம்மாள் எடுத்த போன்

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வாசல் வாசலாக மீன் விற்கிற ஆதியம்மாளுக்கு, இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் ஒரு ஸ்மார்ட்போன் கிடைத்தது. கொடுத்தவள் வாடிக்கைக்காரி பிரதீபா. சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. மீன் முள்ளைக் கண்டால் பயம், மனசு மட்டும் தங்கம். பெரிய திரைப் போன் வாங்கியதும், உள்ளங்கையில் அடங்குகிற பழையதை அவள் ஆதியம்மாளிடம் கொடுத்துவிட்டாள். சுருக்குப்பையில் வெற்றிலையோடு அதுவும் இடுப்பில் ஏறிக்கொண்டது.

ஆதியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் யார் கூப்பிட்டால் எந்தப் படம் வர வேண்டும் என்று பிரதீபாவே பொறுமையாகப் போட்டுக் கொடுத்தாள். ஐஸ் கடைக்கு ஐஸ் கட்டி. வாடிக்கை வீடுகளுக்கு அந்தந்த வீட்டுக் கதவு. புருஷன் நீலமேகத்திடம்தான் பாச்சா பலிக்கவில்லை. படம் எடுக்கப் போனால் மனிதர் புதுப்பெண் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். படத்தில் விழுந்தது அவர் மீன் பிடிக்கப் போகிற படகு, அந்தப் பைபர் போட்டு மட்டும்தான். போகட்டும், போட்டும் அவரும் வேறா என்று அதையே வைத்துவிட்டார்கள்.

நீலமேகத்திடம் ஒரு சாதா போன் உண்டு. பாலித்தீன் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, கடலுக்குக் கொண்டுபோவார். கரைக்குத் திரும்பினால் ஒரு மிஸ்டு கால். மீன் நிறைய பட்டு, ஐஸ் வேண்டுமென்றால் இன்னொன்று. ஆதியம்மாள் கட் பண்ணினால், புரிந்துகொண்டாள் என்று அர்த்தம். எடுத்துப் பேசினால் காசு போகும். அந்தக் கரையில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் நடந்தன. கஞ்சத்தனம் என்று சிரிக்கிறவர்கள் ஒரு நாள் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். வாடிக்கைக்காரர்களிடம் வாய் ஓயாமல் பேசிய அந்தப் போனில், புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஒரு நாள் காலை கரையில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போட்டுப் படம் வந்தது. கட் பண்ணினாள். உடனே இன்னொரு முறை வந்தது. முகமெல்லாம் பல்லாக அதையும் கட் பண்ணிவிட்டு, ஐஸ் கடைக்குச் சொன்னாள். டவுன்ஷிப்பில் ஹரிப்ரியா வீட்டில் மறுநாள் மாப்பிள்ளை விருந்து. நீலக் கதவு வீடு. நிறைய வஞ்சிரம் கேட்டிருந்தார்கள். வேளை பார்த்துத்தான் கடலம்மா கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறையும் போட்டுப் படம் வந்தது. மீன் பட்ட பெருமையில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை என்று முணுமுணுத்தபடி அதையும் கட் பண்ணினாள். நான்காவது முறை அடித்தபோதுதான் விரல் நின்றது. ஒன்றுக்கு அர்த்தம் உண்டு, இரண்டுக்கு உண்டு. அதற்கு மேல் அவர்களுக்குள் எந்தப் பேச்சும் இல்லை. எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஆதி, கட் பண்ணாத. நான்தான்," என்றார் நீலமேகம். "மெதந்து வந்த கட்ட ஒண்ணு மோதி, போட்டு ஒடஞ்சிபோச்சு. தண்ணி ஏறிகினே கீது. எஞ்சினும் பூட்ச்சு."

எங்கே என்று கேட்டாள். மகாபலிபுரம் லைட்ஹவுஸும் கல்பாக்கம் அணுமின் நிலையச் சிம்னியும் எந்தப் பக்கம் எவ்வளவு உயரம் தெரிகின்றன என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் மணலில் ஓடினாள். இன்னொரு போட்டுக்காரன் செங்கல்வராயன் அப்போதுதான் தன் போட்டைக் கரையேற்றி, வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். போனை அவன் காதில் வைத்தாள். அவன் கேட்டான், தலையாட்டினான், மீனை அப்படியே மணலில் கொட்டிவிட்டு ஆட்களோடு போட்டைத் திரும்பத் தள்ளினான். அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கும் அவள் வீட்டில் முதல் சோறு.

போனைத் திரும்பக் காதில் வைத்தபோது, வாளியால் தண்ணீரை இறைக்கிற சத்தம் கேட்டது. நீலமேகத்தோடு கடலுக்குப் போன முத்துசாமி இறைத்துக்கொண்டிருந்தான்.

"ஆள் வந்துகினு கீது. நீ பேசிகினே இரு," என்றாள்.

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கடைசியில் நீலமேகம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். அதற்குக் கோபித்துக்கொண்டார். தண்ணீர் முட்டி வரை ஏறிய நேரத்திலும் மனிதருக்கு அந்தக் கோபம் வந்ததை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது.

நடுவில் போன் டிக் டிக்கென்றது. காதிலிருந்து எடுத்துப் பார்த்தால் நீலக் கதவு. விருந்து மீனுக்குத்தான். எந்தப் பித்தானை அழுத்தினால் எந்தப் பேச்சு அறுந்துபோகுமோ என்று பயந்து, எதையும் தொடாமல் மறுபடி காதோடு அழுத்திக்கொண்டாள். நீலக் கதவு அடித்து அடித்து ஓய்ந்தது.

"மூணு தபா நீ கட் பண்ணே. அவ்ளோதான்னு நெனச்சேன்," என்றார் நீலமேகம்.

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பேச்சு நின்றுவிட்டது. பேட்டரியா, கடலா தெரியவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தாள், போகவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அலையைப் பார்த்து நின்றாள். யாரோ உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

வெயில் ஏறிய பிறகு செங்கல்வராயனின் போட்டு வந்தது. அதில் இரண்டு தலை கூடுதலாக இருந்தன. நீலமேகம் இறங்கி வந்து, நனைந்த வேட்டியைப் பிழிந்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தார். ஆதியம்மாள் சாமியைக் கும்பிட்டாள், செங்கல்வராயனைக் கும்பிட்டாள், போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிரதீபா வேலைக்குக் கிளம்புவதற்குள் அவள் வீட்டுக்குப் போய், அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது மறுநாள்.

போட்டைச் சரிபண்ணி நீலமேகம் மறுபடி கடலுக்குப் போன முதல் நாள், அவளுக்குக் கூடையில் கையே ஓடவில்லை. போன் அடித்தது. ஒரே ஒரு முறைதான். கரைக்குத் திரும்புகிறார் என்று அர்த்தம், கட் பண்ணினால் போதும். அவள் எடுத்தாள்.

"இன்னா, எதுனா ஆச்சா?" என்றாள்.

பின்னால் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. காசு போகிறதே என்று திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள்.

"ஒண்ணும் ஆவல. எடுப்பியான்னு பார்த்தேன்," என்றார் நீலமேகம்.