சுருட்டைக்கு ஒரு கத்தரி

"அக்கா, நில்லுங்க!"

பேருந்திலிருந்து குதித்து, முன்னால் போன பெண்ணைத் துரத்தினாள் கணக்கு டீச்சர். அந்தப் பெண்ணின் சுருட்டை முடி தோளில் அலை அலையாக விழுந்தது. டீச்சருடையதும் சுருட்டைதான், ஆனால் பார்லர்காரி ஈரத்தில் இழுத்துப் பிடித்து வெட்டியதில், காய்ந்ததும் காளானாகக் குடை விரித்திருந்தது. நாளைக்குத் தம்பி கல்யாணம்.

"யாரு அக்கா வெட்டினது?"

"சொல்லமாட்டேன். ஊரே அங்க வந்து நின்னா, எனக்கு எப்படிக் கிடைப்பா?"

"கல்யாண போட்டோல இந்தத் தலையோடவா நிக்கணும்?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயோ பாவமே! சரி, அவ நம்பரைப் போட்டுக்கோ."

கடைசி எண் விழுந்ததும் டீச்சர் நடுத்தெருவில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ரோஷம் போனால் போகட்டும் என்று பச்சைப் பொத்தானையும் அழுத்தினாள்.

திரையில், என்றைக்கோ அவளே பதிந்துவைத்த பெயர் மின்னியது: 'நாத்தனார் – எடுக்காதே.'